தொண்ணூற்றொன்பது ஆடுகளும் ஓர் அலவாங்கும்

என் மேசையின் மூலையில் நடுவிரல் நீளத்துக்கு ஓர் இரும்புத் துண்டு கிடக்கிறது. அலவாங்கின் முனை. கிடங்கு கிண்டவும் கல் பெயர்க்கவும் எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒன்று வைத்திருக்கும் அந்த நீண்ட இரும்புக் கம்பி இருக்கிறதே, அதன் நுனி. கடதாசி பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன் என்று பேத்தி நினைத்துக்கொண்டிருக்கிறாள். நானும் அப்படியே விட்டுவிட்டேன். ஒரு பக்கம் கூர், மற்றப் பக்கம் முறிந்த இடம். முறிந்த அன்று அந்த முகம் சீனியைக் கொட்டி வைத்தது போல மணி மணியாய் மின்னியது. இன்று துரு மூடிக் கறுத்துவிட்டது. ஆனாலும் தடவிப் பார்த்தால் அந்த மணிகள் விரலுக்குத் தட்டுப்படும். தட்டுப்படும்போதெல்லாம் எனக்கு ஒரு மனிதன்மேல் பொறாமை வரும். முப்பது வருடத்துக்கு மேலாகியும் அடங்காத பொறாமை. நல்ல மனிதர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் கண்கள் கலங்கத் தொடங்குவார்கள். எனக்கு அது வரவில்லை. வந்ததைத்தானே எழுத முடியும்.

எனக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் தாவீது. உடுவிலில் பிறந்தவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போய்விட்டது. மிச்சப் படிப்பைக் கடைச் சாமான் சரையாய்ச் சுற்றி வந்த பழைய பேப்பர்களிலும் ஆட்களின் வாயிலும் படித்துக்கொண்டேன். சிறுவயதில் ஓய்வுநாட் பள்ளியில் தாவீது ராசாவின் கதை வரும்போதெல்லாம் வாத்தியார் என்னை எழுப்பி நிறுத்துவார். கவணில் ஒரு கல்லை வைத்து மலை போன்ற எதிரியை விழுத்தியவர், பாட்டுக் கட்டியவர், ஆடு மேய்த்தவர், அரசனானவர். அந்த ராசா என் சொந்தச் சொத்து என்றே வளர்ந்தேன். அவரில் வேறு ஆட்களுக்கும் பங்கு உண்டு என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

நல்லூருக்குப் போகிற வீதியில் ஒரு வெல்டிங் பட்டறை இருந்தது. எண்பத்து மூன்றில் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். கேற், யன்னல் கிறில், தண்ணீர் இறைக்கிற மெசினுக்குத் தாங்கு, இதுதான் வேலை. முதலாளி நல்லூர்க்காரர். ஒட்டின இடத்தைக் கையால் தடவிப் பார்த்து, பிடித்திருந்தால் ஒன்றும் சொல்லமாட்டார், பிடிக்காவிட்டால் "உதென்ன காணும், தழும்போ?" என்பார். நாலு வருடம் நான்தான் அங்கே பெரிய கை. முதலாளி பேசாமல் போகிற நாட்களை எண்ணிக்கொண்டு சந்தோசமாயிருந்தேன்.

பிறகு நானா வந்தார். சோனகத் தெருவில் வீடு. தகப்பனார் பழைய இரும்பு வியாபாரம். என்னைவிட இரண்டு வயது இளையவர். ஆனால் முஸ்லிம்களான சோனக ஆண்களை ஊரில் எல்லோரும் அண்ணன் என்ற பொருளில் நானா என்றுதான் கூப்பிடுவார்கள் என்பதால் நானும் நானா என்றேன். அவர் என்னை அண்ணை என்றார். ஒருவரையொருவர் மூத்தவராக்கிக்கொண்டு மூன்றரை வருடம் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தோம்.

வந்த முதல் நாளே பெயர் கேட்டார். சொன்னேன். முகம் மலர்ந்துபோயிற்று.

"தாவீதோ? எங்கடை ஆக்கள் தாவூத் எண்டு சொல்லுவம். அப்ப நீங்கள் தாவூத் அண்ணை. இரும்பு வேலைக்காரனுக்கு இதைவிட நல்ல பேர் கிடையாது."

"தாவீதுக்கும் இரும்புக்கும் என்ன சம்பந்தம்?" என்றேன்.

"என்ன அண்ணை, பேரையும் வைச்சுக்கொண்டு தெரியாதோ?"

உண்மையாகவே தெரியாது. மதியம் சோற்றுப் பார்சலை அவிழ்த்துக்கொண்டு அவர் சொன்னார். தாவூத் நபி ராசாவாக இருந்த காலத்தில், ஆள் அடையாளம் தெரியாமல் வேசம் மாற்றிக்கொண்டு தெருவில் போவாராம். காண்கிறவர்களிடம், "உங்கடை ராசா எப்பிடி?" என்று கேட்பாராம். எல்லோரும் புகழுவார்களாம். ஒருநாள் ஒரு மனிதர், "நல்ல மனுசன்தான். ஆனால் அரண்மனைக் களஞ்சியத்திலை இருந்தல்லோ சாப்பிடுறார்" என்றாராம். அந்த மனிதர் உண்மையில் ஒரு மலக்கு, எங்கள் பக்கத்தில் தேவதூதன் என்போம். ராசாவுக்குச் சோறு இறங்கவில்லையாம். என் கையால் உழைத்துச் சாப்பிட எனக்கொரு தொழில் தா என்று இறைவனிடம் கேட்டாராம். இரும்பு அவர் கையில் நெருப்பில்லாமலே பிசைந்த மா மாதிரிக் குழையத் தொடங்கிற்றாம். வளையம் வளையமாய்க் கோத்துப் போர்ச்சட்டை செய்த முதல் ஆள் அவர்தானாம்.

"வளையம் மெல்லிசாய்ப் போனால் அறும். தடிச்சால் போடுறவன் நடக்கமாட்டான். அளவாய்க் கோ எண்டு அல்லா சொல்லிக் குடுத்தவன்" என்றார் நானா. "அவர் பாடினால் மலையும் குருவியளும் சேந்து பாடுமாம். அது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. எனக்குப் பிடிச்சது உந்த அளவுதான்."

ஒவ்வொரு முறையும் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு, அவர்மேல் சாந்தி உண்டாகட்டும் என்று அரபியில் மெல்ல முணுமுணுப்பார். பழக்கத்தில் என்னைத் தாவூத் அண்ணை என்று கூப்பிட்டுவிட்டும் உதடு தானாய் அசையத் தொடங்கும். பிறகு சிரிப்பை அடக்குவார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் ராசாவை யாரோ கொண்டுபோய்க் கழுவித் துடைத்து, கையில் ஒரு தொழிலும் கொடுத்து, என் வீட்டில் இருந்ததைவிட அழகாக வைத்திருக்கிறார்கள் என்று பட்டது. விட்டுக்கொடுக்க மனமில்லை. "எங்கடை தாவீது வேற. சண்டைக்குப் போகேக்கை இரும்புச் சட்டையைக் குடுத்தவை. போட்டுப் பாத்திட்டு, எனக்கு உது சரிவராது எண்டு கழட்டி வைச்சிட்டுக் கல்லோடை போனவர். அவருக்கு இரும்பு தேவைப்படேல்லை" என்றேன்.

நானா சோற்றை உருட்டினார்.

"கழட்டினது சரிதானே அண்ணை. ஆரோ தன்ரை அளவுக்குச் செய்த சட்டை. அண்டைக்குப் பட்ட பாட்டிலைதானாக்கும் பிறகு தானே அளவாய்ச் செய்யப் பழகினவர்."

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். என் வேதத்துக் கதையும் அவர் வேதத்துக் கதையும் ஒன்றின் வாலில் மற்றது வந்து பொருந்திவிட்டது, பொருத்தியது அவர். ஒட்டின இடமே தெரியவில்லை.

இப்படித்தான் தொடங்கிற்று. பெயர் என்னுடையது, கை அவருடையது. நான் நெருப்பும் மின்சாரமும் வைத்து இரும்போடு மல்லுக்கட்டுவேன். அவர் சிவந்த கம்பியைக் குறட்டால் பிடித்து, தூங்குகிற பிள்ளையைத் திருப்பிப் படுக்க வைப்பது போலத் திருப்புவார். "நானா இரும்போடை கதைக்கிறார். நீர் இரும்பை ஏசுறீர்" என்றார் முதலாளி. பகிடிக்குத்தான் சொன்னார். நான் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கிழமைக் கணக்கில் வைத்திருந்தேன். வருகிற ஆட்கள் சைக்கிளை நிறுத்தும்போதே, "நானா நிக்கிறாரோ?" என்பார்கள். நான் அவர்கள் முன்னால்தான் நிற்பேன்.

தொண்ணூறாம் ஆண்டு நடுவில் சண்டை திரும்பத் தொடங்கியது. மின்சாரம் போயிற்று. வெல்டிங் பிளான்ற் சாக்குப் போர்த்தி மூலையில் படுத்துவிட்டது. பட்டறையின் பின்பக்கத்தில் ஒரு உலை கட்டி, சிரட்டைக்கரி போட்டு, பழைய முறையில் அடித்து வளைக்கிற வேலை மட்டும் மிஞ்சியது. அது நானாவின் இராச்சியம். ஷெல்லடிக்குப் பதுங்க ஊர் முழுக்கப் பங்கர் வெட்டிக்கொண்டிருந்த நேரம். எங்கள் மண்ணில் இரண்டு முழம் கிண்டினால் சுண்ணாம்புக் கல். அலவாங்குகள் மொட்டையாகி மொட்டையாகி வரும். முனையைக் காய்ச்சி அடித்துக் கூராக்கி, தண்ணீரில் முக்கி உரமேற்ற வேண்டும். தோய்ச்சல் என்போம். அதில்தான் எல்லாம் இருக்கிறது. தோய்ச்சல் குறைந்தால் முனை வளையும், கூடினால் முறியும். உலைக்குக் காற்றடிக்கிற சில்லைக் கையால் சுற்ற ஒரு ஆள் வேண்டும். ஏழு வருடம் வேலை செய்த பெரிய கை சில்லுச் சுற்றிற்று.

சுற்றிக்கொண்டே பார்த்திருந்தேன். முனை செவ்வரத்தம்பூச் சிவப்புக்கு வந்ததும் எடுத்துவிடுவார். அந்தச் சிவப்புக்கு மேலே போகவிடமாட்டார். முக்குவதற்குத் தனியாக ஒரு அரைப் பீப்பா வைத்திருந்தார். பட்டறைக் கிணறு உவர். அந்தத் தண்ணீர் கிட்டவும் வரக்கூடாது. நல்லூரில் தெரிந்த வீட்டுக் கிணற்றில் நல்ல தண்ணீர் அள்ளிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். மேலே கொஞ்சம் கழிவெண்ணெய் மிதக்கும். "உவர் தண்ணி வெடுக்கெண்டு கடிச்சுப்போடும் அண்ணை. இரும்பு பயந்து போகும்" என்பார்.

அந்த நாட்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் நோன்பு வேறு பிடித்தார். அது தாவூத் நபியின் நோன்பாம். "நானா, உது நபிக்காகவோ, சங்கக்கடையிலை அரிசி இல்லாததுக்காகவோ?" என்று முதலாளி சீண்டுவார். "ரெண்டுக்கும் ஒரே நோன்பிலை சரிக்கட்டலாம் முதலாளி" என்பார். பசியிலும் அவருக்கு என்னைவிட நல்ல பதில் கிடைத்தது.

செப்டெம்பர் கடைசியில் முதலாளி சாவகச்சேரியில் இருந்த மகளின் பிள்ளைப்பேற்றுக்குப் போனார். போகும்போது என்னைக் கூப்பிட்டு, "நான் வருமட்டும் நீர்தான் பட்டறைக்குப் பொறுப்பு" என்றார். நானாவும் கேட்டுக்கொண்டு நின்றார், தலையை ஆட்டினார். ஏழு வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே முடி அது. அது எனக்கு எவ்வளவு பெரியதாய் இருந்தது என்று இப்போது சொல்ல வெட்கமாயிருக்கிறது.

முதலாளி போய் மூன்றாம் வெள்ளிக்கிழமை. நானா ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டார். காலையில் தெல்லிப்பழையில் தோட்டம் செய்த கமக்காரர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போன அலவாங்கு சுவரில் சாத்தியிருந்தது. அவர் சண்டையில் இடம்பெயர்ந்து, உடுவிலில் தங்கையார் வீட்டில் எட்டுப் பேரோடு இருந்தவர். "நானா, வடிவாய்ச் செய்து வையுங்கோ, பின்னேரம் வாறன்" என்று சொல்லிப்போட்டுப் போயிருந்தார். நான் உலையைப் பார்த்தேன். அலவாங்கைப் பார்த்தேன். நானா வருவதற்குள் செய்து வைத்தால் என்ன என்று தோன்றிற்று. ஒரு கையால் சில்லைச் சுற்றி மறுகையால் கம்பியைப் பிடித்தேன். சிவப்பு வந்தது. இன்னும் கொஞ்சம் என்று விட்டேன். அது பூசணிப்பூ மஞ்சளுக்குப் போய்விட்டது. அடித்தேன், நல்ல கூர் வந்தது. முக்கப் போனபோது அவருடைய பீப்பா பக்கத்திலேயே இருந்தது. அதில் முக்கினால் அது அவருடைய தோய்ச்சலாகிவிடும் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். எழுந்துபோய்க் கிணற்றில் ஒரு வாளி அள்ளி வந்து அதற்குள் விட்டேன். சீறிக்கொண்டு ஆவி எழும்பிற்று. எனக்கு அது கைதட்டல் மாதிரிக் கேட்டது.

நானா வருமுன் கமக்காரர் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் செய்தது என்று அவரிடமும் சொல்லவில்லை, நானாவிடமும் சொல்லவில்லை. நல்லாயிருக்கிறது என்று அவர் திரும்பி வந்து சொல்லட்டும், அப்போது சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

புதன்கிழமை திரும்பி வந்தார். முன் கேற் பூட்டியிருந்தது. ஆள் பொறுக்கவில்லை, பின்வேலியில் இருந்த ஓட்டைப் பொட்டுக்குள்ளால் குனிந்து புகுந்து நேரே என் முன்னால் வந்து நின்றார். முனையைக் காலடியில் எறிந்தார். மூக்கறுந்த அலவாங்கைச் சுவரோடு சாத்தினார்.

"உங்கை பாரும் உங்கடை நானாவின்ரை வேலையை! கல்லிலை நாலு குத்து, படக்கெண்டு போட்டுது. பங்கர் இடுப்பளவிலை நிக்குது. வீட்டிலை எட்டுச் சீவன் தம்பி. நாளைக்கு ஷெல் வந்தால் நான் அதுகளை எங்கை கொண்டுபோய் வைக்கிறது?"

நானா உலையடியில், பத்தடி தள்ளி, குறட்டோடு நின்றார். நான் அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. வாய் தானாய்த் திறந்தது.

"நானா, இனி நீங்கள் உலைப் பக்கம் வரவேண்டாம். பெயின்ற் வேலையைப் பாருங்கோ. உலையை நான் பாக்கிறன்." கமக்காரரிடம், "ஐயா, சனிக்கிழமை வாங்கோ. நானே செய்து தாறன்" என்றேன்.

நானா குறட்டை வைத்தார். வந்து, குனிந்து, அந்தத் துண்டை எடுத்தார். முறிந்த முகத்தை வெளிச்சத்துக்குப் பிடித்தார். பெருவிரலால் ஒருமுறை தேய்த்தார். அந்தச் சீனி மணிகளை நானும் கண்டேன். அளவுக்கு மிஞ்சிக் காய்ச்சின இரும்புதான் அப்படி முறியும் என்பது எனக்கும் தெரியும். பிறகு அவர் பார்வை கிணற்றடியில் கிடந்த வாளிக்குப் போயிற்று. அதற்குப் பிறகு என்னைப் பார்த்தார்.

"என்னட்டை ஒரு சொல் கேக்கேல்லையே அண்ணை" என்றார், கமக்காரருக்குக் கேட்காத அளவில். துண்டை என் பக்கத்தில் இருந்த மரக்குற்றியில் வைத்துவிட்டுக் கம்பித் தூரிகையை எடுத்துக்கொண்டு துருவிழுந்த கேற்றடிக்குப் போனார்.

கமக்காரர் முன்னால் ஒரு வசனத்தில் என்னை முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் அன்று எனக்குக் கோபம் வந்தது.

அடுத்த நாள் மதியம் அவருக்கு நோன்பு. நான் சாப்பிட, அவர் எதிரே குந்தியிருந்தார்.

"அண்ணை, தாவூத் நபிக்கு ஒருக்கால் ஒரு பிழை வந்தது. தெரியுமோ?"

"ஏன் தெரியாது!" என்று பாய்ந்து விழுந்தேன். என் வேதத்தில் இருப்பதை ஒன்றுவிடாமல் சொன்னேன். ராசா மேல்மாடியில் நின்று அயலவனின் மனைவியைக் கண்டது, அவளை எடுத்துக்கொண்டது, அவள் புருசனைப் போர் முனையில் சாகவிட்டது, தீர்க்கதரிசி வந்து ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டிக் கதையைச் சொல்லி ராசாவை மடக்கியது. கைகால் ஆட்டி, ருசித்துச் சொன்னேன். அந்தச் சுத்தமான ராசாவின் சட்டையில் கறை பூசக் கிடைத்ததே என்று எனக்கு ஒரு சந்தோசம். அது என் ராசாவும்தான், என் பெயரும்தான் என்ற நினைப்பே வரவில்லை.

நானா இரண்டு காதையும் தொட்டுக்கொண்டார். "இல்லை அண்ணை. எங்கடை பக்கத்திலை அப்பிடிச் சொல்லுறேல்லை. பழைய கிதாபு சிலதிலை உந்தக் கதையும் வந்திருக்காம். எங்கடை மௌலவி ஒத்துக்கொள்ளமாட்டார். நபிமார் அப்பிடிச் செய்யமாட்டினம் எண்டுவார்."

"அப்ப என்ன பிழை?"

"அவர் தனிய இருந்து வணங்குற நாள் ஒண்டு. கதவு பூட்டியிருக்கு. ரெண்டு பேர் மதில் ஏறி உள்ளுக்கை குதிச்சிட்டினம். ராசா பயந்து போனார். பயப்பிடாதையுங்கோ, நாங்கள் வழக்குக்காரர் எண்டினம். அதிலை ஒருத்தன் சொல்லுறான், உவர் என்ரை சகோதரன், உவரிட்டைத் தொண்ணூற்றொன்பது ஆடு இருக்கு, என்னட்டை ஒண்டு. அதையும் தா எண்டு கேட்டுக் கதையிலை என்னை வெண்டுபோட்டார் எண்டு."

"அநியாயம்தானே?"

"தாவூத் நபியும் அதைத்தான் சொன்னவர். உடனை சொல்லிப்போட்டார், அவர் உனக்கு அநியாயம் செய்திட்டார் எண்டு. சொன்ன கையோடை விளங்கிச்சுது, இது தனக்கு வைச்ச சோதனை எண்டு. விழுந்து அழுது மன்னிப்புக் கேட்டவர்."

"இதிலை என்ன பிழை?"

"மற்றவரிட்டை ஒரு சொல் கேக்கேல்லை அண்ணை. அவ்வளவுதான் எண்டு எங்கடை மௌலவி சொல்லுவார்."

"உதுக்குப் போய் அழுதவரோ?"

"ராசா அல்லோ. அவர் சொன்னால் சொன்னதுதானே. அப்ப கேக்கிற பொறுப்பும் அவருக்குத்தானே." எழுந்து, சாரத்தைத் தட்டி உதறினார். பிறகு வேலிப் பக்கம் பார்த்துச் சிரித்தார். "உங்களுக்கும் ஆள் வேலியாலைதான் வந்தது."

அன்று முழுக்க அது என்னைக் கடித்தது. என் வேதத்து ராசா பெரிய பாவி. அவருக்குப் பக்கத்தில் நின்றால் என் சின்னக் களவுகள் தெரியாது. எப்போதும் எனக்கு அது வசதியாக இருந்தது. நானாவின் ராசாவோ, நான் முதல் நாள் வாய்க்கு வந்தபடி செய்த காரியத்துக்காகத் தரையில் விழுந்து அழுகிறார். அவ்வளவு உயரமான ராசாவை வைத்திருக்கிற மனிதனோடு நான் எப்படிப் போட்டியிடுவது? முதலாளி வந்ததும் இருவர் முன்னாலும் உண்மையைச் சொல்லி, உலையைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவெடுத்தேன். முடிவெடுத்த கையோடு, இன்னும் கொஞ்ச நாள் உலையடியில் இருந்து பார்க்கலாமே என்றும் நினைத்தேன்.

கமக்காரருக்குச் சொன்ன அலவாங்கைத் தொட எனக்குப் பயம். அது சாத்தின இடத்திலேயே நின்றது. சனிக்கிழமை கோவில் வேலை என்று ஒரு சாட்டுச் சொல்லி மத்தியானம்தான் போனேன். அலவாங்கைக் காணவில்லை. "அவர் வந்து எடுத்துக்கொண்டு போட்டார்" என்றார் நானா, கேற்றிலிருந்து பெயின்ற் தூரிகையை எடுக்காமலே. வேறு பட்டறைக்குக் கொண்டுபோயிருப்பார் என்று நினைத்தேன். நிம்மதியாக இருந்தது. ஏன், எப்படி என்று ஒரு சொல் நான் கேட்கவில்லை. அப்போதும் கேட்கவில்லை.

அதற்கடுத்த கிழமையும் போயிற்று. முதலாளி ஒரு திங்கட்கிழமை வந்தார். "என்ன, நானா பெயின்ற் அடிக்கிறார்?" என்றார். "ஒரு அலவாங்கு முறிஞ்சு போச்சு, சனம் வந்து கத்திச்சுது, அதுதான்" என்றேன். எல்லாம் உண்மையான சொற்கள். முதலாளி நானாவைப் பார்த்தார். நானா தூரிகையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முதலாளி ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அவர் பேசாமல் போனதில் நான் சந்தோசப்படாத ஒரே நாள் அதுதான். நாளைக்குத் தேத்தண்ணி நேரம் கட்டாயம் சொல்லிவிடுவது என்று வைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் முற்பகல், தேத்தண்ணிக்கு இன்னும் நேரம் இருந்தது. தூரத்தில் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் ஒன்று போகிற சத்தம் கேட்டது, சொல் விளங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நானாவின் மச்சான் சைக்கிளில் வந்து, கேற்றடியில் காலை ஊன்றியபடி அவரிடம் ஏதோ சொன்னார். நானா கையை உமியில் தேய்த்துப் பெயின்றைத் துடைத்தார்.

"அண்ணை, வீட்டுப் பக்கம் ஏதோ அவசரமாம். போட்டு வாறன்."

"ஓம், வாங்கோ. வந்தாப்பிறகு உங்களோடை ஒரு கதை இருக்கு."

"கதையோ? உங்களிட்டை எப்ப கதை இல்லாமல் இருந்தது?" என்று சிரித்துக்கொண்டு சைக்கிளில் ஏறினார். பச்சைப் பெயின்ற் அவர் முழங்கையில் காயாமல் இருந்தது.

மத்தியானத்துக்குப் பிறகுதான் எங்களுக்கு விளங்கிற்று. சோனகச் சனம் முழுவதும் சில மணி நேரத்துக்குள் ஊரைவிட்டுப் போகவேண்டும் என்று ஆயுதம் வைத்திருந்தவர்கள் அறிவித்திருந்தார்கள். சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தேன். சோனகத் தெரு முகப்பிலேயே மறித்துத் திருப்பிவிட்டார்கள். "உங்களுக்கென்ன அலுவல் உங்கை?" என்று கேட்டார்கள். ஒரு ஊர்ச் சனத்துக்கு அன்று தீர்ப்புச் சொல்லப்பட்டது. அவர்களிடம் ஒருவரும் ஒரு சொல் கேட்கவில்லை. நான் யாரைக் குறை சொல்ல? திரும்பி வந்து, நானா பாதி அடித்துவிட்டுப் போன கேற்றின் மற்றப் பாதியை அடித்தேன். என் பாதியில் பெயின்ற் வழிந்தது.

மார்கழியில் ஒருநாள் உடுவில் சந்தையடியில் அந்தக் கமக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, உம்மைத்தான் தேடினனான். அலவாங்கு எண்டால் அது அலவாங்கு! கல்லெல்லாம் பொரி மாதிரிப் போச்சுது. ரெண்டு நாளிலை பங்கரை முடிச்சுப்போட்டன். போன கிழமை ஷெல் விழேக்கை எட்டுப் பேரும் உள்ளுக்கைதான். வீட்டுக் கூரை போட்டுது, சீவன் தப்பிச்சுது. உம்மடை கைக்குக் கோடி புண்ணியம்."

"ஆர் தந்தது உங்களுக்கு?" என்றேன்.

"ஏன், அந்த நானாதானே எடுத்துத் தந்தவர். 'தாவூத் அண்ணை சொன்ன சொல்லுக்குச் சரியாய் இருக்கு, கொண்டு போங்கோ' எண்டவர். நானும் அந்த மனுசனை அண்டைக்குக் கண்டபடி ஏசிப்போட்டன். பாவம், அதுகளும் போட்டுதுகள்."

தாவூத் அண்ணை சொன்ன சொல்லுக்குச் சரியாய் இருக்கு. அதில் ஒரு பொய்யும் இல்லை. சொன்ன சொல் என்னுடையதுதான். செய்தது யார் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. உலைப் பக்கம் வரவேண்டாம் என்று நான் விலக்கின மனிதர், நான் இல்லாத நேரம் பார்த்து உலை மூட்டி, ஒரு கையால் சில்லும் சுற்றி, செவ்வரத்தம்பூச் சிவப்பில் எடுத்து, தன் பீப்பாவில் தோய்த்து, என் பெயரில் கொடுத்திருக்கிறார். வளையத்தை அளவாய்க் கோப்பது என்று அவர் சொன்னது இதைத்தான் போலும்.

கமக்காரர் இன்னும் என் கையை விடவில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சுற்றிவர நாலு பேர் நின்று என்னை மரியாதையோடு பார்த்தார்கள். மூன்றரை வருடமாக நான் ஏங்கின பார்வை அது.

"ஓம் ஐயா" என்றேன்.

முதல் நாள் செய்தது அவசரம் என்று யாராவது மன்னிக்கலாம். இந்த "ஓம்" அவசரத்தில் வந்ததல்ல.

தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து எங்கள் வலிகாமம் முழுக்கக் கிளம்பி நடந்தபோது நானும் நடந்தேன். சைக்கிளில் ஒரு மூட்டை, மனைவி, பிள்ளைகள், மழை. பட்டறையிலிருந்து என்ன எடுப்பது என்று பார்த்து அந்த மரக்குற்றியில் கிடந்த துண்டைக் காற்சட்டைப் பைக்குள் போட்டேன். ஏன் என்று மனைவி கேட்டாள். சொல்லவில்லை. செம்மணி வெளியில் தொடைக்குப் பாரமாய் அது இடித்துக்கொண்டே வந்தது. நாங்கள் திரும்பி வந்து வாசல் கூட்டினோம். அவர் வரவில்லை.

சில வருடங்களுக்கு முன், சோனகத் தெருவுக்குச் சில குடும்பங்கள் திரும்பியிருக்கின்றன என்று கேள்விப்பட்டுப் போய் விசாரித்தேன். சிதைந்த சுவர்களுக்கு நடுவில் ஒரு வீட்டுக்கு ஓடு போட்டுக்கொண்டிருந்தவர் நானாவை அறிந்திருந்தார். "அவர் புத்தளத்திலை. சொந்தப் பட்டறை, நாலைஞ்சு பேர் வேலை செய்யினம். அவர் தொட்டால் இரும்பு மெழுகு, தெரியும்தானே" என்றார். மனுசன் உயிரோடு நல்லாயிருக்கிறார் என்று சந்தோசம் வருவதற்கு முன்னால் என் நெஞ்சில் அந்தப் பழைய புகைச்சல் வந்தது. அங்கேயுமா? நான் விலக்கின உலை, ஊர் விலக்கின வீடு, எல்லாம் போயும் இரும்பு அவர் கையில்தான் குழைகிறதா? கேட்டுக்கொண்டு நின்ற என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அவர் ஒரு கடதாசித் துண்டில் தொலைபேசி இலக்கத்தை எழுதித் தந்தார்.

பேத்தி நினைப்பது பிழையல்ல. இந்தத் துண்டு உண்மையாகவே ஒரு கடதாசியைப் பறக்காமல் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. அந்த இலக்கம் அதன் கீழே இருக்கிறது. எத்தனையோ நாள் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டேன். அவர் கோபிப்பார் என்ற பயம் இல்லை. கோபிக்கமாட்டார் என்றுதான் பயம். இத்தனை வருடத்துக்குப் பிறகும் என்னைவிட நல்ல பதில் ஒன்று அவரிடம் இருக்கும்.

இவ்வளவையும் வாசித்துவிட்டு என்மேல் யாருக்காவது இரக்கம் வந்திருந்தால், கொஞ்சம் பொறுங்கள். இது மதில் ஏறிக் குதித்த வழக்குக்காரன் சொன்ன ஒரு பக்கக் கதை. கதையில் வெல்லக்கூடியவன் நான். அது ஒன்றுதான் என் கையில் குழைகிற இரும்பு. மற்றவரிடம் இன்னும் ஒருவரும் கேட்கவில்லை. துரு என் விரலில் ஒட்டுகிறது. துண்டைத் தூக்கி ஓரமாய் வைத்துவிட்டுக் கடதாசியை எடுக்கிறேன். "ஆர் கதைக்கிறது?" என்று அவர் கேட்டால், "தாவூத்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும்.